"வேண்டாம்" மட்டும் போதுமா, முழுசாகச் சொல்லித்தரணுமா?

பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் "உடலுறவே வேண்டாம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது ஒரு வழி. தள்ளிப்போடுவது நல்ல யோசனைதான், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவு ஒரு நாள் மாறினால், பிள்ளைக்குக் கைகொடுக்க எந்தத் தகவலும் இருக்காது.

எனக்குச் சரி என்று படுவது இன்னொரு வழி, முழுசாகச் சொல்லித்தருவது: முதல் தடவையிலேயே கர்ப்பமாகலாம், ஆணுறை பால்வினை நோய்களிலிருந்தும் காக்கும், ஆனால் நடைமுறையில் அதை மட்டும் நம்பும் 100 பெண்களில் சுமார் 13 பேர் ஓராண்டுக்குள் கருவுறுகிறார்கள், அவசர கருத்தடை மாத்திரையை உடலுறவுக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன், அப்புறம் "எனக்கு விருப்பமில்லை" என்று தயங்காமல் சொல்வது எப்படி என்பதும். சொல்லித்தந்தால் கெட்டுப்போவார்களோ என்ற பயம் புரிகிறது, ஆனால் முழுமையான பாலியல் கல்வி அப்படித் தூண்டுவதில்லை என்றுதான் 2018இல் வந்த யுனெஸ்கோ வழிகாட்டி சொல்கிறது.