சொல்லின் வழியே குடும்பப்பெயருக்கு: ‘ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி’ – ஒரு மதிப்புரை

டக்ளஸ் ஹார்ப்பர் என்ற தனிமனிதரின் பெருமுயற்சியால் உருவாகி, விளம்பரங்களின் துணையோடு கட்டணமின்றிப் பயன்படக் கிடைக்கும் ‘ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி’, ஆங்கிலச் சொற்களின் பிறப்பை விளக்கும் அகராதியே தவிர, குடும்பப்பெயர்களுக்கென்று தொகுக்கப்பட்டது அல்ல. ஆயினும், தொழிலிலிருந்தும் பதவியிலிருந்தும் பிறந்த ஆங்கிலக் குடும்பப்பெயர்களைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு, பெயர்களுக்கென்றே நடத்தப்படும் பல தளங்களைக் காட்டிலும் இதையே முதலில் பரிந்துரைப்பேன். காரணம், இங்கே பெயர் தனித்து நிற்பதில்லை. எந்தச் சொற்களோடு அது உறவு கொண்டதோ, அந்தச் சொற்களின் நடுவே வைத்துக் காட்டப்படுகிறது.

தளத்தின் அமைப்பு மிக எளிமையானது. ஒரு சொல்லைத் தேடினால், அதன் இலக்கண வகை, எழுத்தில் முதன்முதலாகக் காணப்படும் காலம், பழைய ஆங்கிலம், பழைய பிரெஞ்சு, லத்தீன் போன்ற மொழிகளில் அது கொண்டிருந்த வடிவங்கள், பொருள் மாறி வந்த வழி ஆகியவை ஓரிரு பத்திகளில் அடங்கிவிடுகின்றன. உடுக்குறி (*) இட்ட வடிவங்கள் எந்த ஏட்டிலும் கிடைத்தவையல்ல, ஒப்பீட்டின் வழியே அறிஞர்கள் மீட்டமைத்தவை என்பதை மட்டும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. அகராதியின் வறண்ட சுருக்க நடை சிலருக்குச் சலிப்பூட்டக்கூடும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

இதன் பலத்தை அறிய ‘வெப்ஸ்டர்’ என்ற பெயரைத் தேடிப் பார்க்கலாம். பழைய ஆங்கிலத்தில் ‘வெப்பெஸ்ட்ரெ’ என்றால் நெசவு செய்யும் பெண். ‘வெப்’, ‘வெப்பர்’, ‘வீவர்’ ஆகிய குடும்பப்பெயர்களும் நெசவு என்ற அதே வேரிலிருந்து கிளைத்தவைதான். ஆனால் விளக்கத்தின் சுவை, ‘ஸ்டர்’ என்னும் பின்னொட்டுக்கெனத் தனியே தரப்பட்டுள்ள பதிவில் இருக்கிறது. அது முதலில் பெண்பால் விகுதியாக இருந்து, இங்கிலாந்தின் வடபகுதியில் இருபாலருக்கும் பொதுவாகிப் பரவியது என்றும், ரொட்டி சுடுபவரைக் குறித்த ‘பேக்ஸ்டர்’, மது வடிப்பவரைக் குறித்த ‘புரூஸ்டர்’ ஆகிய பெயர்கள் அத்தொழில்களில் பெண்களே மிகுந்திருந்ததைக் காட்டுகின்றனவா என்பதில் மொழியியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றும் அந்தப் பதிவு விளக்குகிறது. நூல் நூற்பவளைக் குறித்துப் பின்னர் மணமாகாத பெண்ணைக் குறிக்கத் தொடங்கிய ‘ஸ்பின்ஸ்டர்’ மட்டும் பெண்பாலிலேயே நின்றுவிட்டது. முடிவு எட்டப்படாத ஒரு கேள்வியை முடிந்துபோன செய்தியாக்காமல் விட்டுவைத்திருப்பதே இந்த அகராதியின் மீது நம்பிக்கையை வளர்க்கிறது. அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பேரகராதி செய்த நோவா வெப்ஸ்டரின் பெயருக்குள் ஒரு நெசவுக்காரி இருப்பதை இப்படித்தான் அறிய முடிகிறது.

சொற்களுக்கு அருகே தரப்படும் ஆண்டுகளைப் படிப்பதில் கவனம் வேண்டும். அவை சொல் பிறந்த ஆண்டுகள் அல்ல. இன்று எஞ்சியிருக்கும் எழுத்துச் சான்றுகளுள் மிகப் பழையது எப்போது எழுதப்பட்டது என்பதையே காட்டுகின்றன. இந்த இடத்தில்தான் குடும்பப்பெயர்கள் எதிர்பாராத பெறுமதி பெறுகின்றன. அம்பு செய்பவரைக் குறிக்கும் ‘ஃபிளெட்சர்’ என்ற சொல் பொதுப்பெயராக 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கிடைக்கிறது. குடும்பப்பெயராகவோ 1203 அளவிலேயே பதிவாகியிருக்கிறது. வரிப்பட்டியலும் நீதிமன்ற ஏடும் எழுதிய எழுத்தர்கள், ஒருவரை அடையாளம் காட்ட அவருடைய தொழிலையும் சேர்த்து எழுதியதால், இலக்கியத்தில் இடம்பெறாத எத்தனையோ சொற்கள் மனிதர்களின் பெயர்களாக முன்னரே ஏட்டில் ஏறிவிட்டன. பல பதிவுகளில் இத்தகைய குறிப்பு அடைப்புக்குறிக்குள் ஒரு வரியாக வந்து போகிறது. வேகமாகப் படிப்பவர் தவறவிட்டுவிடுவார்.

தமிழ் வாசகருக்கு மிகுந்த விருந்தாக அமைபவை, ஆங்கிலம், லத்தீன், சமஸ்கிருதம் போன்றவற்றுக்குப் பொதுவான மூதாதை மொழியின் வேர்களுக்கென, அதாவது இந்தோ-ஐரோப்பிய வேர்களுக்கென உள்ள பக்கங்கள். மெழுகுவர்த்தி செய்து விற்றவரைக் குறிக்கும் ‘சாண்ட்லர்’ என்ற பெயரிலிருந்து ‘ஒளிர்தல்’ என்ற பொருளுடைய வேருக்குச் சென்றால், ‘கேண்டில்’, ‘சாண்டிலியர்’ ஆகியவை மட்டுமல்லாமல், வேட்பாளரைக் குறிக்கும் ‘கேண்டிடேட்’ என்ற சொல்லும் அங்கே நிற்கிறது. ரோமில் பதவி நாடியவர்கள் வெண்ணிற ஆடை அணிந்து வாக்குக் கேட்டதால், வெண்மை உடுத்தியவர் என்ற பொருளில் அது வந்தது. அதே பக்கத்தில் சமஸ்கிருதத்தின் ‘சந்த்ர’ என்ற சொல்லும் சான்றாகக் காட்டப்படுகிறது. நாம் அன்றாடம் சொல்லும் சந்திரனும் ஆங்கிலேய மெழுகுவர்த்திக்காரரின் பெயரும் ஒரே பக்கத்தில் சந்தித்துக்கொள்கின்றன. ‘லேடி’ என்ற சொல்லைத் தொடர்ந்து சென்றாலும் இப்படியே. ரொட்டி மாவு பிசைபவள் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த அது, ‘உருவாக்குதல்’ என்ற வேரின் வழியே, ‘தேகம்’ என்று நாம் வழங்கும் வடசொல்லுக்கு உறவாகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஊர்ப்பெயர்களிலிருந்து வந்த குடும்பப்பெயர்களுக்கும், ஹோவெல் மகன் ‘பவல்’, ரீஸ் மகன் ‘பிரைஸ்’ என்பன போன்ற வேல்ஸ் நாட்டுத் தந்தைவழிப் பெயர்களுக்கும் முழுமையான விளக்கத்தை இங்கே எதிர்பார்ப்பது பொருந்தாது. பெயர்கள் எந்த வட்டாரத்தில் செறிந்திருந்தன என்ற செய்தியும் இதன் நோக்கத்துக்கு வெளியே உள்ளது. நெய்த கம்பளித் துணியை மிதித்துக் கெட்டியாக்கும் ஒரே தொழில், இங்கிலாந்தின் தென்கிழக்கில் ‘ஃபுல்லர்’ என்றும், தென்மேற்கில் ‘டக்கர்’ என்றும், வடக்கே ‘வாக்கர்’ என்றும் பெயர் தந்தது. மூன்று சொற்களையும் தனித்தனியே தேடி அறிய முடிந்தாலும், அவற்றை ஒரு நிலப்படத்தில் இணைத்துப் பார்க்க வேறு நூல்தான் துணை. 2016இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டின் பிரிட்டன், அயர்லாந்து குடும்பப்பெயர் அகராதி, 45,000க்கும் மேற்பட்ட பெயர்களைப் பழைய ஆவணச் சான்றுகளோடு ஆராய்கிறது. தம் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் நூலகத்தில் அதைப் பார்ப்பதே முறை.

இவ்வளவு குறைகள் இருந்தும், பெயரைத் தட்டச்சு செய்தவுடன் வீரமிக்க முன்னோர் கதையொன்றையும் குலச்சின்னம் பொறித்த தேநீர்க் கோப்பையொன்றையும் விற்க முன்வரும் தளங்களோடு ஒப்பிடுகையில் இதன் மதிப்பு உயர்ந்தே நிற்கிறது. இங்கிலாந்தில் குலச்சின்னம் குறிப்பிட்ட ஒருவருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் உரியதே ஒழிய, ஒரே குடும்பப்பெயர் கொண்ட அனைவருக்கும் பொதுவானதன்று என்பதை குலச்சின்னங்களை வழங்கும் அமைப்பான, 1484இல் தோன்றிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் தெளிவாகவே சொல்கிறது. அந்தக் கோப்பைக்குச் செலவிடுவது வீண். ஹார்ப்பரின் அகராதியோ, தெரியாத இடத்தில் ‘பிறப்பு அறியப்படவில்லை’ என்று எழுதிவிட்டு நகர்கிறது.

புதிதாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு என் யோசனை, முழுப்பெயரை விட்டுவிட்டு அதன் உறுப்பைத் தேடுங்கள் என்பதே. ‘வெய்ன்ரைட்’ கிடைக்காவிட்டால், வண்டியைக் குறிக்கும் ‘வெய்ன்’ என்பதையும் செய்பவரைக் குறிக்கும் ‘ரைட்’ என்பதையும் தனித்தனியே பாருங்கள். காவலரைக் குறிக்கும் ‘வார்ட்’ என்பதிலிருந்து தொடங்கினால், வேலிகளைக் காத்த ‘ஹேவர்ட்’, காட்டைக் காத்த ‘உட்வர்ட்’ ஆகியோரைக் கடந்து, வீட்டைக் காத்த ‘ஸ்டூவர்ட்’ வரை செல்லலாம். ஸ்காட்லாந்து மன்னரின் அரண்மனை மேற்பார்வையைத் தலைமுறை தலைமுறையாக ஏற்றிருந்த ஸ்டூவர்ட் குடும்பம், 1371இல் இரண்டாம் ராபர்ட்டின் முடிசூட்டலோடு அரச மரபாயிற்று. ‘லார்ட்’ என்ற சொல்லின் பின்பாதியிலும் அதே காவலர் இருக்கிறார். அவர் காத்தது ரொட்டி.