இல்லத்தில் ஒரு நேரச் சாப்பாடு: பாட்டும் இல்லை, போட்டோவும் இல்லை

பெயரும் ஊரும் போடாமல் ரிவ்யூ எழுதுவது இதுதான் முதல் தடவை. கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவுக்குள் எங்கோ ஒரு குழந்தைகள் இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏன் இந்த ஒளிவு மறைவு என்று பிறகு சொல்கிறேன்.

அம்மா இறந்து முதல் நினைவு நாள் வந்தது. சபைப் போதகரை அழைத்து ஜெபம் வைத்து, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டால் போதும் என்றான் அண்ணன். அக்காதான் ஏதாவது இல்லத்தில் போடுவோம் என்றாள், ஏனென்றால் அம்மாவே போர்டிங்கில் வளர்ந்தவள். ஏழு வயதில் பாட்டி இறந்ததும் தாத்தா வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு அவளை மிஷன் போர்டிங்கில் விட்டுவிட்டுப் போனவர்தான், பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை. அதைச் சொல்லி அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் வேறொன்றைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். யாராவது சாப்பாடு போட வந்தால், பிள்ளைகள் வரிசையில் நின்று இரண்டு பாட்டுப் பாடி நன்றி சொல்லி முடித்த பிறகுதான் உட்கார விடுவார்களாம், அதற்குள் சோறு ஆறி, குழம்பின் மேல் ஆடை கட்டிவிடுமாம். எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் எப்போதும் ஒரே வரிதான். ஆமென் சொன்ன கையோடு "ஆறதுக்கு முன்ன தின்னு மக்கா" என்பாள்.

இதற்கு முந்தைய வருடம் மகன் பிறந்தநாளுக்கு வேறொரு இல்லத்துக்குப் போயிருந்தோம். அது பெயர் பெற்ற இடம், பெயர் வேண்டாம். ஒரே நிறச் சட்டையில் பிள்ளைகள் நிற்க, பேனர் கட்டி, கேக் வெட்டி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊட்டச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். ஆறு வயது இருக்கும், ஒரு பையனுக்குப் பாட்டு தெரியவில்லை, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு பிரியாணிப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பின்னால் நின்றவர் அவன் முதுகில் விரலால் குத்தினார். சாயங்காலமே பேஸ்புக்கில் படங்கள், எல்லாப் பிள்ளைகள் முகமும் பளிச்சென்று. நானும் வெட்கமில்லாமல் பகிர்ந்தேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-வது பிரிவு இப்படி அடையாளம் தெரியும்படி வெளியிடக்கூடாது என்கிறது, ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம். தெரிந்த பிறகு என் பதிவை நீக்கினேன். அந்தப் பையன் முதுகு மட்டும் நீங்கவில்லை.

சரி, இந்த இல்லத்துக்கு வருவோம்.

போன் எடுக்கவே மாட்டார்கள், இது முதல் குறை. நாலு தடவை அடித்து விட்டுவிட்ட பிறகு ராத்திரி எட்டு மணிக்கு அவர்களே கூப்பிட்டார்கள். யார் யார் வருவீர்கள், எத்தனை பேர், ஆதார் நகல் அனுப்புங்கள் என்று பாஸ்போர்ட் ஆபீஸ் மாதிரி விசாரணை. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது, எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. 34 பிள்ளைகள், மதியம் மீன் குழம்போடு சாப்பாடு, 4,200 ரூபாய். வெளிச் சாப்பாடு வேண்டாம், கல்யாண வீட்டில் மிஞ்சியது அறவே வேண்டாம். 80ஜி ரசீது உண்டு, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது, அதனால் வங்கியில் போடுங்கள் என்று அவர்களே சொன்னார்கள்.

போன அன்று யாரும் எங்களை வரவேற்கவில்லை. மேடை இல்லை, பொன்னாடை இல்லை. நம்ம பக்கம் டியூப் லைட் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு 'உபயம்' எழுதுவார்களே, அதுவும் எங்கேயும் இல்லை. பத்துப் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து ஜெபம் பண்ணினாள்: "ஆண்டவரே, சோத்துக்கு ஸ்தோத்திரம், மீன் குழம்புக்கு ரொம்ப ஸ்தோத்திரம், ஆமென்." எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவளும். அடுத்த நிமிடம் இலையில் கை வைத்தாயிற்று. சோற்றில் ஆவி பறந்தது. அக்கா என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாப்பாடு? தேங்காய் அரைத்த விளமீன் குழம்பு அருமை, புளி ஒரு சிட்டிகை தூக்கல். மரச்சீனிக் கிழங்கு நன்றாக வெந்திருந்தது. அவியல் சுமார்தான். கடைசியில் ஆளுக்கொரு மட்டிப்பழம். என் பக்கத்தில் இருந்த பையன் குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு ரகசியமாகக் கேட்டான்: "மாமா, நீங்க மீன் தலை தின்னுவீங்களா?" தின்னமாட்டேன் என்று பொய் சொன்னேன்.

இங்கே பொறுப்பில் இருப்பவரை எல்லாரும் பெரியம்மா என்கிறார்கள். எங்கள் அம்மா கதையைச் சொன்னதும் அவர் பந்தியிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார், இந்த மாமாவுக்க அம்மையும் போர்டிங்கில் வளந்தவங்கதான் என்று. ஒரு சின்னப் பெண் உடனே கேட்டாள், அவங்க அப்பா திரும்ப வந்தாங்களா? இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்புறம் என்ன செஞ்சாங்க என்றாள். டீச்சராகி முப்பது வருடம் வேலை பார்த்தாங்க என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மீன் முள்ளை எடுக்கப் போய்விட்டாள்.

போர்டிங்கில் அம்மா லேஸ் பின்னக் கற்றவள். நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் 1821-இல் தொடங்கிய வேலை அது, பின்னி விற்ற காசில் அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கியிருக்கிறார்கள், திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல் ஒழிவதற்கு முன்பே. டோனாவூர் நமக்குப் பக்கத்து மாவட்டம்தான், அங்கே 1901-இலிருந்து கோயிலுக்கு விடப்பட்ட பிள்ளைகளையும் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். 1951-இல் அவர் இறந்ததும் பிள்ளைகள் கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். சின்ன வயதில் சபையிலிருந்து கூட்டிப்போய்க் காட்டினார்கள், இங்கே உபயம் போர்டு இல்லாத சுவரைப் பார்த்ததும் அந்தத் தொட்டிதான் ஞாபகம் வந்தது.

இப்போது பெயர் போடாத காரணம். கைவிடப்பட்டவர்கள் மட்டுமல்ல, வீட்டு ஆளே கேடு செய்த பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள், போக்சோ வழக்கு நடக்கிறது. அந்த ஆளின் சொந்தக்காரர்கள் பழக்கூடையோடு வந்து, கர்த்தர் மன்னிக்கச் சொல்லியிருக்காரே என்று சமரசம் பேசுவார்களாம். பெரியம்மா கேட்டைத் திறப்பதில்லை. "மன்னிப்பைப் பத்தி நான் எந்தப் பிள்ளைகிட்டயும் பேசுறதில்ல. அதுக்கு இன்னும் வயசிருக்கு" என்றார். அதைவிட இன்னொன்று சொன்னார். "பரம பிதாவேன்னு ஆரம்பிச்சா சில பிள்ளையளுக்கு உடம்பு நடுங்கும். அப்பான்னா அதுக்குத் தெரிஞ்சது அடிதான். அதனால நான் ஆகார் கதையில ஆரம்பிப்பேன். ஆபிரகாம் அவளையும் பெத்த பையனையும் வீட்டை விட்டுத் தொரத்தி, வனாந்தரத்துல தண்ணி தீந்து போச்சு, அப்ப பையனுக்க சத்தத்தத்தான் தேவன் கேட்டாரு." நாற்பது வருடமாகப் பிரசங்கம் கேட்கிறேன், ஆபிரகாமின் விசுவாசம்தான் காதில் விழுந்திருக்கிறது, துரத்தப்பட்ட பையன் அழுதது விழவில்லை.

குறைகள் இன்னும் உண்டு. சாயங்கால ஜெபம் முக்கால் மணி நேரம், சின்னப் பிள்ளைகள் தூங்கி விழுகின்றன. குழந்தைகள் நலக் குழு எல்லா மதத்துப் பிள்ளைகளையும்தான் அனுப்புகிறது, யாரையும் வேதம் வாசிக்கச் சொல்வதில்லை என்கிறார்கள், ஒரு பையன் தலையணைக்கு அடியில் முருகன் படம் வைத்திருப்பதையும் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை, நல்லது. ஆனாலும் ஜெப நேரத்தில் அவனும் அதே ஹாலில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. வேறு ஒரு அறை ஒதுக்குங்கள் என்று சொன்னேன், பார்க்கலாம் என்றார் பெரியம்மா. மழை பெய்தால் அந்தப் பாதையில் கார் ஏறாது.

ஐந்துக்கு நாலு. போக விரும்புகிறவர்கள் பெயரை என்னிடம் கேட்க வேண்டாம், நாகர்கோவிலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் பதிவு பெற்ற இல்லங்கள் எவை என்று சொல்வார்கள். பிள்ளை ஆபத்தில் இருந்தால் இல்லத்தைத் தேடி அலையாமல் 1098-க்கு அடியுங்கள்.

இன்னொன்று, டிசம்பரில் போகாதீர்கள். கிறிஸ்துமஸ் மாதம் முழுக்க நாட்களை முன்பே பிடித்துவிடுகிறார்கள், ஒரே நாளில் இரண்டு பிரியாணியாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது சாப்பாட்டு நாள் எழுதும் நோட்டைப் புரட்டினால் பக்கம் பக்கமாகக் காலி. அக்கா ஜூன் இரண்டாவது சனிக்கிழமையை எங்கள் பெயருக்கு எழுதச் சொன்னாள். நம்ம மேற்குக் கடலில் அப்போது விசைப்படகுத் தடைக்காலம், மீன் கிடைத்தாலும் யானை விலை, கோழிதான் என்றார் பெரியம்மா. மீன் தலை கேட்ட அந்தப் பையன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "கோழிக்குக் கால்தானே மாமா, அது ரெண்டு இருக்கு" என்றான்.