"தகைசால்"னு பிழையில்லாம பொறிச்சுத் தந்த ஷீல்டு கடை

எங்க தமிழம்மா போன மாசம் ரிட்டையர் ஆனாங்க, பத்தாங்கிளாஸ் செட்டு எல்லாரும் காசு போட்டு ஷீல்டு குடுக்கலாம்னு முடிவாச்சு, அதுல "தகைசால் தமிழாசிரியர்"னு போடணும்னு நான்தான் பிடிவாதமா நின்னேன். முதல்ல குடுத்த கடையில ப்ரூஃப் "தகைச்சால்"னு வந்துச்சு. திருத்துங்கன்னா "எல்லாம் ஒண்ணுதான் சார், யாரு பாக்கப் போறா"ன்றாங்க. தமிழம்மா பாப்பாங்களே! அட்வான்ஸ் போனா போகுதுன்னு வந்துட்டோம்.

அப்புறம் கிடைச்சதுதான் மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்து சந்துல இருக்க இந்த சின்ன கடை. பெரியவர் ஒருத்தர், நான் எழுதிக் குடுத்ததை வாய்விட்டுப் படிச்சுட்டு "இது கவர்மென்ட் விருதுல வர்ற வார்த்தைல்ல தம்பி, டீச்சருக்குப் போடலாமா?"ன்னு கேட்டார். தாராளமா போடலாம். 2021ல தமிழ்நாடு அரசு தகைசால் தமிழர் விருதை ஆரம்பிச்சு முதல்ல சங்கரய்யா ஐயாவுக்குக் குடுத்தப்ப, அந்த 10 லட்சத்தையும் அவர் கொரோனா நிவாரணத்துக்கே குடுத்துட்டார், அடுத்த வருஷம் நல்லகண்ணு ஐயாவும் தனக்கு வந்த பணத்தை அப்படியே முதல்வர் நிதிக்குக் குடுத்தார், அப்ப இருந்தே இந்த வார்த்தை மேல எனக்கு தனி மரியாதை.

தகைன்னா பெருமை, நல்ல பண்பு. சால்னா நிறைஞ்ச, "சாலச் சிறந்தது"ன்றோமே அதே சால்தான், சால்பு, சான்றோர் எல்லாம் அந்த வேர்ல வந்ததுதான். மாண்புமிகுங்கறது மந்திரி பதவிக்கு, பதவி போனா அதுவும் போயிரும். தகைசால் அந்த ஆளோட குணத்துக்கு. குறள்லயே "தகைசான்ற"ன்னுதான் இருக்கு, நடுவுல ச் கிடையாது.

தேக்குப் பலகை, பித்தளைத் தகடு, 1,400 ரூபா. மிஷின்ல பொறிச்சா ல் மேல இருக்க புள்ளி மங்கிரும், புள்ளி போனா "தகைசால"ன்னு ஆயிரும்னு சொல்லிட்டு, லென்ஸ் வச்சுப் பாத்து ஊசியால ஒவ்வொரு புள்ளியையும் கையாலயே ஆழப்படுத்துனார். அரை மணி நேரம் பக்கத்துலயே நின்னு பாத்தேன், அதுக்குத் தனியா காசும் வாங்கல.

குறைன்னா, சொன்ன நாளுக்கு ஒரு நாள் லேட்டு, அட்டைப்பெட்டி ரொம்ப மெலிசு, வெளியூருக்கு எடுத்துட்டுப் போறவங்க துணி சுத்திக்கோங்க. மேடையில தமிழம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு கிட்ட வச்சுப் படிச்சாங்க, "ச் போடாம விட்டீங்களேடா"ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க.