‘சில்வர் லேப்’ என்று விற்றால் முதலில் மூக்கைப் பாருங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு ‘சில்வர் லேப்ரடார்’ என்று சாம்பல் நிற நாய்க்குட்டி ஒன்றை விற்றிருக்கிறார்கள். மஞ்சள் லேப் விலையைப் போல மூன்று மடங்கு. “இம்போர்ட் லைனுங்க, ரேர் கலருங்க” என்ற பேச்சோடு, தாயும் தகப்பனும் மஞ்சள் என்று போட்ட சான்றிதழ் நகலும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வயசு முடிவதற்குள் முதுகு முடி கொட்டித் தோல் தெரிகிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு வாட்சப் குழுக்களில் இதே பேச்சு இன்னும் ஓடுகிறது, தயவுசெய்து ஏமாறாதீர்கள்.

அந்த நகலே பொய்யைக் காட்டிக்கொடுக்கிறது. எம்சி1ஆர் மரபணுவின் ஒடுங்கிய வடிவம் (ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாதது) தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் லேப் மஞ்சளாகும். அந்த நாயின் முடியில் கருநிறமி உருவாகாது. மஞ்சளும் மஞ்சளும் சேர்ந்தால் ஈற்றில் வருவது அத்தனையும் மஞ்சள் வகைதான். கறுப்பு, சாக்லேட், சில்வர் எதுவும் பிறக்க வழியில்லை. பிறந்திருந்தால் தகப்பன் வேறு, இல்லையென்றால் காகிதம் வேறு நாயுடையது. சாக்லேட் ஜோடிக்குக் கறுப்பு பிறக்காது என்பதும் இதே மாதிரிதான். ஆனால் கறுப்பு ஜோடிக்குக் கறுப்பு, சாக்லேட், மஞ்சள் மூன்றும் பிறக்கலாம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

சில்வர் என்பது வெளிறிய சாக்லேட். எம்எல்பிஹெச் மரபணுவின் ஒடுங்கிய வடிவம் இரண்டு சேரும்போது வருகிறது. கறுப்பு இப்படி வெளிறினால் சார்கோல், மஞ்சள் வெளிறினால் ஷாம்பெய்ன் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். லேப்ரடாரின் இனத் தரவரையறையில் கறுப்பு, மஞ்சள், சாக்லேட் மட்டுமே உண்டு. வெளிறிய நிறத்துக்குக் கூடுதல் பணம் தர எந்த நியாயமும் இல்லை.

இப்படி வெளிறிய நாய்க்கு நிறமி முடித்தண்டில் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாகத் தங்குவதால் முடி அந்த இடத்தில் ஒடிகிறது, வேர்ப்பையும் கெடுகிறது. இந்த முடியுதிர்வு பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் முதுகில் தொடங்கும். எல்லா வெளிறிய நாய்க்கும் வராது. வந்தால் குணமாக்கும் மருந்து கிடையாது. சொறி, சீழ்ப்புண் வராமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மீன் எண்ணெய் கொடுத்தால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். அதற்காக மருத்துவரிடம் போகாமலும் இருக்காதீர்கள். உண்ணிச்சொறியும் படர்தாமரையும் முடியைக் கொட்டவைக்கும், அவை மருந்தில் தீரும். தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

வாங்குமுன் மூக்கு, கண் இமை விளிம்பு, பாதத் திண்டு மூன்றையும் வெயிலில் பாருங்கள். உண்மையிலேயே வெளிறிய நாய்க்கு அங்கும் நிறம் மங்கித்தான் இருக்கும். உடம்பு சாம்பல், மூக்கு கன்னங்கரேல் என்றால் அது சாயமாக இருக்கலாம், கலப்பாகவும் இருக்கலாம். முடியைப் பிரித்து அடிவேரைப் பாருங்கள், ஈரப்பஞ்சால் அழுத்தித் துடையுங்கள்.

டிஎன்ஏ அறிக்கை காட்டினால் அதில் மைக்ரோசிப் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 15 இலக்க எண். ஸ்கேனரை வைத்து, குட்டியின் தோலுக்கடியில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். எண் இல்லாத அறிக்கை எந்த நாய்க்கும் பொருந்தும். நீங்களே பரிசோதனைக்கு அனுப்பினால், பால் குடித்து ஒரு மணி நேரமாவது கழித்து, தாயிடமிருந்து பிரித்து வைத்த பிறகு கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேயுங்கள். தாயின் செல்கள் ஒட்டியிருந்தால் முடிவு கெடும்.

சில்வரைவிட எங்களைப் பதறவைப்பது மெர்ல் எனும் திட்டு நிறம். பொமரேனியன், டாஷுண்ட் குட்டிகளை இந்தப் பெயரில் விற்கிறார்கள். மெர்லையும் மெர்லையும் சேர்த்தால், கணக்குப்படி நாலில் ஒரு குட்டிக்கு இரட்டை மெர்ல், அதாவது தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என இரண்டு மெர்ல் மரபணு வரும். பெரும்பகுதி வெள்ளையாகப் பிறக்கும், காது கேளாமை, சிறுத்த கண், குருடு வர வாய்ப்பு மிக அதிகம். கிரீம், ஆரஞ்சு நாயில் மெர்ல் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். ஆகவே அந்த நிறங்களில் பரிசோதிக்காமல் ஜோடி சேர்க்கக் கூடாது. நீலக் கண், வெள்ளை உடம்பு என்று ஆசைப்பட்டு வாங்குமுன், குட்டி தூங்கும்போது அதன் பார்வைக்கும் காற்றசைவுக்கும் எட்டாத இடத்திலிருந்து சத்தம் கொடுத்துப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாதது இதில் தெரியாது.

8 வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி தவறு. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய பதிவு, வாட்சப் உரையாடல், காகித நகல், மருத்துவர் அறிக்கை நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. அந்த நாயை ஈற்றுக்கு மட்டும் விடாதீர்கள்.