வண்டியோட்டி வரும் மரணம்: துணைவனா, வஞ்சகனா?

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் 'Because I could not stop for Death' என்ற புகழ்பெற்ற கவிதையில், வேலை மும்முரத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்காக மரணம் வண்டியை நிறுத்தி, மரியாதையாக ஏற்றிக்கொள்கிறது. கூடவே அமரத்துவமும் அமர்ந்திருக்கிறது. இதை இரண்டு விதமாக வாசிக்கலாம்.

முதல் வாசிப்பில் மரணம் பண்புள்ள துணைவன். அவசரமே இல்லாத பயணம். விளையாடும் குழந்தைகள், விளைந்த வயல், மறையும் சூரியன் என்று ஒரு வாழ்க்கையே ஜன்னலோரம் கடந்துபோகிறது. அச்சம் எங்கும் இல்லை. துயரத்தில் இருப்பவருக்கு இந்த வாசிப்பே கைகொடுக்கும்.

இரண்டாவது வாசிப்பில் அந்தப் பண்பே பொறி. இதற்குச் சான்று நான்காம் பத்தி: நாங்கள் சூரியனைக் கடந்தோம் என்று சொன்ன அந்தப் பெண், இல்லை, சூரியன்தான் எங்களைக் கடந்தது என்று தன்னையே திருத்திக்கொள்கிறாள். பனி இறங்குகிறது, உடலிலோ சிலந்தி நூல் போன்ற மெல்லிய ஆடை. குளிருக்கு ஆயத்தமாகாமல் கிளம்பிவிட்டவள் அவள். பிறகு வருவது மண்மேடு போன்ற 'வீடு'. அதைக் கல்லறை என்று சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை.

சுவையான செய்தி என்னவென்றால், கவிஞர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1890-இல் வந்த முதல் பதிப்பில் இந்த நான்காம் பத்தியே கிடையாது, பதிப்பாசிரியர்கள் நீக்கிவிட்டார்கள். அந்தப் பதிப்பைப் படித்தவர்களுக்கு முதல் வாசிப்பு எளிதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

என் சாய்வு இரண்டாவதன் பக்கம். ஆனாலும் கடைசி வரிகளில் அவள் புலம்பவில்லை. நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், குதிரைகள் நித்தியத்தை நோக்கிச் செல்வதை உணர்ந்த அந்த ஒரு நாளே அவளுக்கு நீளமாகத் தெரிகிறது.