கட்டிக்குள் கிருமி தேட: கிராக்கனா, பாத்சீக்கா?

இரண்டுமே புற்றுக்கட்டியில் எடுத்த டிஎன்ஏவில் கிருமியின் தடயம் தேடும் மென்பொருள்கள். கிராக்கன், டிஎன்ஏ துண்டை 31 எழுத்துக் கூறுகளாக்கி, கிருமிகளின் தரவுத்தளத்தில் அச்சு அசலாகப் பொருந்துகிறதா என்று பார்க்கும். அபார வேகம். ஆனால் அதிலுள்ள சில பாக்டீரிய ஜீனோம் (முழு டிஎன்ஏ வரிசை) பதிவுகளிலேயே மனித டிஎன்ஏ கலந்து கிடக்கிறது. மனித டிஎன்ஏவை முன்கூட்டியே நீக்கும் வடிகட்டலில் தப்பிய துண்டு, கிருமியாகக் கணக்கில் ஏறிவிடும். 33 வகைப் புற்றுநோய்களில் கிருமித் தடயம் கண்டதாக 2020-ல் ‘நேச்சர்’ அறிவியல் இதழ் வெளியிட்ட கட்டுரை இப்படித்தான் சிக்கியது; 2024-ல் திரும்பப் பெறப்பட்டது. எத்தனை பேரின் உழைப்பு அதன்மேல் நின்றது!

பாத்சீக் மனிதத் துண்டுகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கிருமி ஜீனோம்களோடு ஒப்பிடும். மெதுவானதுதான். பெருங்குடல் புற்றில் ஃபூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இருப்பதைக் காட்டியது இந்த வழி. திசுவிலும் அது உறுதியானது.

முதல் சலிப்புக்குக் கிராக்கன் சரி. நோயாளியைத் தொடும் முடிவென்றால் பாத்சீக், அப்புறம் திசுப் பரிசோதனையும் கட்டாயம்.