ஃபயர் ப்ரூஃப் என்று சொல்லி என் தலையில் கட்டிய ரேஸ் சூட்

டிராக் டே (சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள்), கிளப் ரேஸ் என்று புதிதாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் முக்கியமாக, வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, ஜிபேயில் பணம் போட்டு, கூரியரில் ரேஸ் சூட் வாங்குகிறவர்களுக்கு. கடை பெயர் போடவில்லை, யாரும் கேட்காதீர்கள். போட்டால் அடுத்த வாரமே வேறு பெயரில் அதே சரக்கு வரும். எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் திருப்பூர். பனியன் கம்பெனியில் 14 வருஷமாக மெர்ச்சண்டைசர். ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்திப் பார்த்தால் காட்டனா பாலியஸ்டரா என்று எங்கள் ஊரில் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு உருண்டையாக நிற்கும். இதைத் தெரிந்துவைத்திருக்கிற நான்தான் 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தவன்.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு பழைய மாருதி எஸ்டீம் வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றிப் போட்டு, ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஆள் நசுங்காமல் காக்கிற கம்பிக் கூண்டு) அடித்து, இன்ஜின் வேலை பார்த்து, செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டலாம் என்று கிளம்பினோம். டயருக்கும் இன்ஜினுக்கும் போன பணத்தைக் கணக்குப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. கடைசியில் ஆள் போட்டுக்கொள்கிற சாமான் வாங்க வரும்போது கையில் மிச்சம் இருந்தது சொற்பம். இப்படித்தான் எல்லோருக்கும் நடக்கிறது என்று நினைக்கிறேன். எக்ஸாஸ்ட் வாங்கும்போது யாரும் பேரம் பேசுவதில்லை, கையுறைக்கு மட்டும் 200 ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்போம்.

சூட் விற்றவர் பேச்சு தேன். "அண்ணா, இது எஃப்ஐஏ சூட்டுண்ணா, ஃபயர் ப்ரூஃப். மூணு லேயர் சூட்டெல்லாம் ஐரோப்பாக்காரனுக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு லைட் வெயிட் சிங்கிள் லேயர்தான் கரெக்ட்." கோயம்புத்தூர் பக்கம் ஏப்ரல் மதியம் ஏசி இல்லாத காருக்குள் உட்கார்ந்து பார்த்தவனுக்கு இந்தப் பேச்சு எவ்வளவு இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. லேபிள் படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அதில் எஃப்ஐஏ, அதாவது உலக மோட்டார் ரேஸுக்கு விதி வகுக்கிற அமைப்பின் எழுத்து, நிஜமாகவே இருந்தது. அந்த எழுத்துக்கு முன்னால் சிஐகே என்று மூன்று எழுத்து இருந்ததையும், பின்னால் லெவல் 2 என்று இருந்ததையும் பார்த்தேன், ஏதோ கிரேடு போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சிஐகே என்றால் கார்ட்டிங். அந்த லேபிள் போலி இல்லை, அசல்தான். கார்ட்டிங் சூட்டுக்கு உண்டான அசல் லேபிள். கோ கார்ட்டில் சீட் பெல்ட் கிடையாது, மோதினால் ஆள் வெளியே தூக்கி எறியப்பட்டுத் தார் ரோட்டில் தேய்ந்துகொண்டு போவான். அதனால் அந்த சூட்டைச் சிராய்ப்புக்குத் தாங்குகிற மாதிரி நைலான், பாலியஸ்டர் வகைத் துணியில் தைக்கிறார்கள். அந்த வேலைக்கு அது நல்ல சூட். ஆனால் காரில் பெல்ட் போட்டுக் கட்டிவைத்திருக்கிற ஆளுக்கு பயம் தேய்வது அல்ல, தீ. அதே துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சும்மா ஒரு காட்டன் சட்டை போட்டிருந்தால்கூட அது எரியும், உருகி ஒட்டாது. அதாவது 18,500 ரூபாய் செலவழித்து, ஒன்றும் செலவழிக்காதவனைவிட மோசமான நிலையில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு டிராக் டே அதைப் போட்டுக்கொண்டு ஓட்டியும் விட்டேன். அங்கே ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்த்தார்கள், அத்தோடு சரி. மூன்றாவது முறை கிளப் ரேஸுக்குப் பெயர் கொடுத்தபோதுதான் ஸ்க்ரூட்டினி, அதாவது ரேஸுக்கு முந்தைய பரிசோதனை. வண்டியைப் பார்த்து முடித்துவிட்டு, டிரைவர் சாமானையெல்லாம் மேஜை மேல் வைக்கச் சொன்னார்கள். அறுபது வயசுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர். சூட்டை விரித்துக்கூடப் பார்க்கவில்லை, காலரை மட்டும் பின்பக்கமாகத் திருப்பினார், கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, இது கார்ட்டிங் சூட்டுங்க."

"இல்லீங்க சார், எஃப்ஐஏன்னு போட்டிருக்குதுங்களே."

அவர் வாதாடவில்லை. தையல் ஓரத்தில் பிரிந்து நின்ற நூலையும் துணி இழையையும் கொஞ்சம் பிடுங்கி என் கையில் கொடுத்தார். பக்கத்தில் வேறொருவரின் பழைய நோமெக்ஸ் (தீயைத் தாங்கும் துணி) சூட்டிலிருந்து ஒரு இழையையும் கேட்டு வாங்கிக் கொடுத்தார். "பேடாக்ல தீப்பெட்டி எடுக்கக்கூடாது. வெளிய டீக்கடைக்குப் போயி ரெண்டையும் கொளுத்திப் பாத்துட்டு வாங்க. எந்த ஊருங்க நீங்க?"

திருப்பூர் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

டீக்கடை ஓரத்தில் நின்று கொளுத்தினேன். நோமெக்ஸ் இழை தீக்குள் இருக்கும்வரை கருகியது, வெளியே எடுத்ததும் அணைந்துவிட்டது, விரலால் தேய்த்தால் கரித்தூள். என் சூட் இழை சுருண்டது, சொட்டியது, உருண்டையாகி நின்றது. தினமும் ஃபேக்டரியில் பார்க்கிற அதே கறுப்பு உருண்டை.

சரி, அசல் சூட் என்றால் என்ன? அந்தப் பெரியவரும், அன்றைக்கு ரேஸ் ஓட்ட முடியாமல் சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட இன்னும் இரண்டு பேரும் சொன்னது, பிறகு நானே தேடிப் படித்துச் சரிபார்த்தது, எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன். கார் ரேஸ் சூட்டுக்கு எஃப்ஐஏ தரம் 8856. பழையது 8856-2000, புதியது 8856-2018. அந்த எண் காலரின் பின்புறம் எம்ப்ராய்டரியாகத் தைத்திருக்க வேண்டும். 2018 தரத்து சூட்டில் எதுவரை செல்லும் என்ற வருஷமும் இருக்கும், தயாரித்ததிலிருந்து 10 வருஷம். சோதனையில் துணியின் ஒரு பக்கம் தீயைக் காட்டுவார்கள், மறுபக்கம் 24 டிகிரி வெப்பம் ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். பழைய தரத்துக்கு 11 விநாடி, புதியதற்கு 12. எஸ்எஃப்ஐ என்ற அமெரிக்கத் தர அமைப்பின் லேபிள் உள்ள சூட்டும் நம் ஊரில் கைமாறுகிறது. அதில் 3.2ஏ/1 என்று இருந்தால் இரண்டாம் நிலைத் தீக்காயம் வர சுமார் 3 விநாடி, 3.2ஏ/5 என்றால் சுமார் 10 விநாடி. சிங்கிள் லேயர் சூட் பெரும்பாலும் இந்த 3 விநாடி ரகம்தான். ஆறு பாயிண்ட் பெல்ட்டைக் கழற்றி, ஸ்டியரிங்கையும் கேஜையும் தாண்டி வெளியே வர உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு நாள் ஸ்டாப் வாட்ச் வைத்துப் பாருங்கள். எனக்கு முதல் தடவை 19 விநாடி ஆனது. அதுவும் வண்டி நின்ற இடத்தில், புகை இல்லாமல், பதற்றம் இல்லாமல்.

லேயர் ஏன் என்றால், துணி மட்டும் காப்பதில்லை, லேயருக்கும் லேயருக்கும் நடுவே மாட்டிக்கொள்கிற காற்றும் சேர்ந்துதான் காக்கிறது. அதனால்தான் உள்ளே நோமெக்ஸ் பனியன், சாக்ஸ், தலைக்கு பாலக்லாவா என்று எல்லாம் போடச் சொல்கிறார்கள். உள்ளே ஜிம்முக்குப் போடும் பாலியஸ்டர் டீ ஷர்ட் போட்டுக்கொண்டு மேலே ஒரு லட்ச ரூபாய் சூட் போட்டாலும் உள்ளே உருகுவது உருகும். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரேஸ் டிரைவர் ரோமன் குரோஷானின் கார் தடுப்பைப் பிளந்து இரண்டு துண்டாகித் தீப்பிடித்ததைப் பார்த்திருப்பீர்கள். 67 ஜி (புவியீர்ப்பைப் போல 67 மடங்கு) மோதல், கிட்டத்தட்ட 28 விநாடி தீக்குள். நடந்து வெளியே வந்தார், பெரிய தீக்காயம் கைகளில்தான். அது ஃபார்முலா ஒன், மெடிக்கல் கார் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. நம் டிராக் டேயில் அணைப்பானை எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடிவர வேண்டும், வெயிலில், அரை கிலோமீட்டர்.

ஹெல்மெட்டும் அதே ஆளிடம்தான் வாங்கியிருந்தேன், அதுவும் அன்றைக்கே மேஜையில் நின்றுவிட்டது. பின்பக்கம் வெளியே அழகாக ஸ்நெல் என்ற ஹெல்மெட் தரச் சான்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்நெல் ஸ்டிக்கர் உள்ளே, லைனருக்கு அடியில் வரிசை எண்ணோடு இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. என்னுடையதில் உள்ளே ஒன்றுமில்லை, வெளியே இருந்ததிலும் எம் என்ற எழுத்து. எம் என்றால் மோட்டார் சைக்கிள், கார் ரேஸுக்கு எஸ்ஏ வேண்டும். எஸ்ஏவில் தீச் சோதனை உண்டு, ரோல் கேஜ் கம்பியில் தலை அடித்துக்கொள்வதற்கான சோதனையும் உண்டு, எம்மில் இரண்டும் கிடையாது. எஸ்ஏ2015 முதல் வந்தவற்றில் ஹான்ஸ் (தலையையும் கழுத்தையும் பிடித்துக்கொள்கிற கருவி) மாட்டுவதற்கு இரண்டு பக்கமும் திருகு துளையும் இருக்கும். ஹான்ஸ் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலையை யாரும் பிடிப்பதில்லை. 2001-இல் டேடோனாவில் அமெரிக்க ரேஸ் டிரைவர் டேல் எர்ன்ஹார்ட் மண்டை ஓட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார், அந்த வருஷமே அங்கே ரேஸ் நடத்துகிற நாஸ்கார் கழுத்துப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது, 2003-இல் ஃபார்முலா ஒன்னும்.

பெல்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "ஒரே ஒரு ரேஸ் ஓடினதுண்ணா" என்று அதே ஆள் ஒரு ஹார்னஸ் அனுப்பியிருந்தார். லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் கத்தரித்த நூல் முனைகள் மட்டும். பெல்ட்டுக்குக் காலாவதி வருஷம் உண்டு, அது தெரியாமல் இருக்கத்தான் கத்தரித்திருக்கிறார்கள். லேபிள் இல்லாத பெல்ட்டை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

விற்றவருக்கு அன்று சாயங்காலமே போன் போட்டேன். முதலில் "கார்ட்டிங்கும் ரேஸ்தானேண்ணா" என்றார். ஃபயர் ப்ரூஃப் என்று சொன்னீர்களே என்றதும், "ஃபயர் ரெசிஸ்டன்ட்னு சொன்னேன்" என்றார். நூலைக் கொளுத்திய வீடியோவை அனுப்பினேன். "யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் வராதுண்ணா" என்றார். அப்புறம் போனை எடுக்கவில்லை.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தேன், நன்றாகவே பேசினார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லாமல் வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் அனுப்புங்கள் என்றார்கள். தேடி எடுத்தால் மேலே எஸ்டிமேட் என்று போட்டிருக்கிறது, ஜிஎஸ்டி எண் இல்லை, பொருள் என்ற இடத்தில் ஸ்போர்ட்ஸ் வேர் ஒரு செட். என்ன பொருள், என்ன தரம் என்று எங்குமே இல்லை. சொன்னதெல்லாம் வாட்ஸ்அப் கால், மெசேஜில் இருந்தது படமும் தம்ஸ் அப்பும்தான். வழக்குப் போடலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால் பில்லில் 8856-2018 என்று எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அசல் சரக்கு வைத்திருப்பவர் உடனே எழுதிக் கொடுப்பார். இரண்டாவதாக நான் வாங்கிய இடத்தில் கேட்காமலேயே எழுதினார்கள், எஃப்ஐஏ தளத்திலிருக்கும் பட்டியலில் அந்த மாடல் இருப்பதைத் திறந்தும் காட்டினார்கள். 46,000 ஆனது. அதில் பேர் தைத்துத் தரட்டுமா என்று வீட்டுப் பக்கத்து டெய்லர் கேட்டார், வேண்டாம் என்றேன். சாதா பாலியஸ்டர் நூல் போட்டு எல்லா லேயரையும் சேர்த்துக் குத்தினால் அதுவே தீ உள்ளே போகிற வழி. துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்குகிற திரவமும் போடக்கூடாது, துணியில் எரியும் படிவம் நிற்கும்.

ஓட்டைக் குடையை விற்றவன் முதல் மழையில் மாட்டிக்கொள்வான். இந்த சூட் விற்கிறவர் மாட்டவே மாட்டார். நூற்றில் ஒருவனுக்குக்கூட வண்டி தீப்பிடிப்பதில்லை, மற்றவர்களெல்லாம் சூட் நன்றாக இருக்கிறது, லேசாக இருக்கிறது என்று ஸ்டார் கொடுப்பார்கள். நானே கொடுத்தேன். ஐந்து ஸ்டார், படத்தோடு.

அந்தப் படத்தைப் பார்த்து என்னிடம் நம்பர் வாங்கி இரண்டு பையன்கள் அதே சூட்டை வாங்கினார்கள். ஒருவன் ஈரோடு, விஷயத்தைச் சொல்லிவிட்டேன், திட்டினான், வாங்கிக்கட்டிக்கொண்டேன். இன்னொருவன் டிராக் டேயில் பார்த்துப் பேசிய பையன், கருநீலச் சூட், இடது தோளில் வெள்ளைப் பட்டை, சிவப்பு போலோ கார் வைத்திருந்தான். அவன் கொடுத்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. யாருக்காவது அடையாளம் தெரிந்தால் அவனிடம் காலரைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். அடுத்த டிராக் டேக்கு முன்னால்.